ஆடிட்டுக்கு மாட்டிய ஹெட்போன்

ஜப்பானில், நகோயாவில் ஒரு ஹெட்போன் கடை இருக்கிறது. சுவர் முழுக்க, மேசை முழுக்க ஹெட்போன்கள். எதை வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொண்டு, நம் போனில் சொருகி, ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வாங்கப் போகிறாயா இல்லையா என்று யாரும் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார்கள். எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி பஜாரில் செல்போன் கடையில் ஒரு இயர்போன் பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அது அப்போதே நம் சொத்து. இங்கே மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாலும் முதுகுக்குப் பின்னால் நன்றி சொல்கிறார்கள். முதல் நாள் நான் போனபோது ஒரு சின்ன விஷயம் நடந்தது. நான் மாட்டிப் பார்த்துக் கழற்றி வைத்ததும், கண்ணாடி போட்ட ஒரு விற்பனையாளர் வந்து, ஈரத்தாள் ஒன்றை உருவி, என் காது பட்ட இடத்தை நிதானமாகத் துடைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு அந்தச் சுருக்கை விளக்க வேண்டியதில்லை. என் தாத்தா கூலிக்குப் போன வீடுகளில் அவர் குடித்த தம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அதைக் கழுவிக் கவிழ்ப்பதும் அவர் வேலைதான். நைனா தொழிற்பேட்டைக்குள் வேலைக்குப் போன பிறகுதான் எங்கள் குடும்பத்தில் ஒருவர் எல்லாரோடும் சேர்ந்து ஒரே கேன் டீயை ஒரே மாதிரிக் கப்பில் குடித்தார். நைனா என்பது என் அப்பா. ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர். ஆக, கோபத்தோடு கடையில் அப்படியே நின்று பார்த்தேன். அடுத்து வந்தவர் கோட்டு போட்ட ஒரு ஜப்பானியப் பெரியவர். அவர் கழற்றி வைத்ததையும் அதே மாதிரித் தாளால் அதே நிதானத்தோடு துடைத்தார் அந்த விற்பனையாளர். அதற்குப் பிறகு ஒரு கல்லூரிப் பெண் வைத்ததையும். எல்லார் காதும் அழுக்குதான் என்று முடிவெடுத்த நாடு இது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நான் பாட்டுக் கேட்க ஹெட்போன் தேடி அங்கே போகவில்லை. நைனாவுக்கு என் பேச்சு கேட்க வேண்டும், அவ்வளவுதான். நைனா பெயர் மாசிலாமணி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருஷம் நின்றவர். பிரஸ் ஷாப் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்புத் தகட்டை மேலிருந்து ஒரே அடியில் அடித்து வண்டிகளுக்கான பாகமாக வெட்டி எடுக்கும் மிஷின்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. ஒவ்வொரு அடிக்கும் தரை உதறும். காதுக்குக் கழிவுப் பஞ்சைக் கிள்ளி உருட்டி வைத்துக்கொள்வார்கள், அதுவும் வியர்வையில் விழுந்துவிடும். இடது பக்கம் மிஷின் நின்றதால் இடது காது முதலில் போனது, வலது காது பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. நான் டிப்ளமா முடித்து, அதே தொழிற்பேட்டையில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாக இருந்து, பிறகு ஜப்பானுக்கு விமானம் ஏறினேன். இங்கேயும் பிரஸ் ஷாப்தான். ஒரே வித்தியாசம், இங்கே காதை மூடும் மாஃப் போடாமல் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் ஷிப்டையே நிறுத்திவிடுவார்கள்.

வந்த முதல் வருஷம் நைனா போனில் பேசினார். இரண்டாம் வருஷம் போனை வலது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆங், ஆங்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு கொடுப்பதற்குக்கூட வாங்கவில்லை. அம்மா ஸ்பீக்கரைப் போட்டு, முழுச் சத்தம் வைத்து, நான் சொன்னதை நைனாவிடம் ஒரு முறை கத்தி, நைனா சொன்னதை என்னிடம் ஒரு முறை கத்துவாள். நடுவில் தெருவே கேட்கும். எனக்கு ஒரு பெண் பார்த்திருக்கும் விஷயம் எனக்குத் தெரிவதற்கு முன்பே தெருமுனை மாவு மில்லில் தெரிந்திருந்தது. வீட்டு விஷயம் எதையும் பேச முடியாமல், சாப்பாடு, மழை, கரண்ட் என்று மூன்று விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நான் பணம் அனுப்பி, அம்மா திருவள்ளூரில் காது டாக்டரிடம் காட்டி ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. அது வியர்வையில் விசில் அடித்தது. விசில் அடிப்பது நைனாவுக்குக் கேட்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும். சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவே ஒரு முறை அடித்ததும் கழற்றி பீரோவில் வைத்தவர்தான்.

அந்த டாக்டர் அம்மாவிடம் சொல்லியனுப்பிய ஒன்று எனக்கு மனதில் தங்கிவிட்டது. நைனாவுக்குச் சத்தம் குறைவில்லை, தெளிவுதான் குறைவு. தடித்த சத்தங்கள் கேட்கும், ச, த, ஸ போன்ற மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போய்விட்டன. வார்த்தையின் உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. போனில் பேசும்போது இரண்டு காதையும் மூடும் நல்ல ஹெட்போன் இருந்தால் வெளிச் சத்தம் குறையும், பேச்சு இரண்டு பக்கமும் போகும், ஆனால் சத்தத்தைக் கண்டபடி ஏற்றாதீர்கள், இருப்பதும் போய்விடும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நகோயா கடைக்குப் போனேன். கையில் பத்தாயிரம் யென். ஊர்க் கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் போவதில்லை என்று ரயிலிலேயே முடிவு செய்திருந்தேன்.

எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள், ஆகையால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் திறந்தது, மூடியது என்று இரண்டு சாதி உண்டு. திறந்ததில் கேட்டால் பேசுகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவு இயல்பு. ஆனால் அதில் வருவது பக்கத்து ஆளுக்கும் கேட்கும். எங்கள் தெருவுக்கு அது ஆகாது, மூடியதுதான். காதின் மேல் உட்காரும் சின்ன மெத்தை கொஞ்ச நேரத்தில் வலிக்கும். காது முழுவதும் உள்ளே போகிற அளவு பெரிய குழி வேண்டும். நைனாவின் காது பெரியது, மடல் எங்காவது மடங்கினால் அன்றோடு கழற்றிவிடுவார். மெத்தையின் மேல் தோல் மாதிரி ஒட்டியிருப்பது எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு வருஷத்தில் செதில் செதிலாக உரியும், அதனால் மெத்தையைக் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். கம்பி இல்லாததைச் சார்ஜ் போட வேண்டும், போனோடு இணைக்க வேண்டும். அதெல்லாம் நடக்காத காரியம். அம்மாவின் பழைய போனில் உருண்டை ஓட்டை இன்னும் இருக்கிறது, கம்பிதான் சரி. இவ்வளவும் சரியாக இருந்து, பேச்சு தெளிவாகக் கேட்காவிட்டால் அத்தனையும் வீண். இந்த விலையில் வருவதில் பாதி, சினிமாச் சண்டைக்குச் செய்தது. தடித்த சத்தத்தைத் தூக்கிக் காட்டும், பேசுகிறவர் வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும்.

தெளிவைச் சோதிக்க என்னிடம் அம்மாவின் குரல் இருந்தது. போனில் அவள் அனுப்பியிருந்த ஒரு குரல் செய்தி. எபி என்பது நான். "எபி, தண்ணி மோட்டாரு பூட்ச்சி. உங்க நைனா ஆள இட்டாறேன்னு போனாரு. அவன் இன்னா சொன்னான்னு ஒண்ணியும் காதுல வாங்காம தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துகிறாரு. இப்ப அவன் பழைய மோட்டார கழட்டி எட்த்துக்கினு பூட்டான்." இதை ஒவ்வொரு ஹெட்போனிலும் போட்டுக் கேட்டேன். 'பூட்ச்சி'யில் வரும் ச, 'எட்த்துக்கினு'வில் வரும் த எதில் பிசிறில்லாமல் கேட்கிறது என்று பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தச் செய்தியை முப்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

மூன்றாம் ஞாயிறு அந்தக் கண்ணாடிக்காரர் என்ன மாதிரி இசை கேட்பீர்கள் என்று விசாரித்தார். இசை இல்லை, கோயே, அதாவது குரல், ஓகாசானின், அதாவது அம்மாவின் குரல், என் அப்பாவுக்காக என்று தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். கேட்கலாமா என்றார். கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் மோட்டார் களவு போன கதையைக் கடைசி வரை கேட்டார். கழற்றி, துடைத்து, "தைசெட்சு தேசு நே" என்றார், விலைமதிப்பில்லாதது என்று அர்த்தம். பிறகு இடுப்பு வரை குனிந்து வணங்கினார். விலைப்பட்டியலில் இல்லாத ஒரு கழிவும் போட்டு, மெத்தை இன்னொரு ஜோடியும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். ரயிலில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா இறந்துவிட்டாள், அப்பா அவள் குரலைக் கேட்க ஏங்குகிறார் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னபோது, உயிரோடு இருப்பவளைப் புதைத்துவிட்டு மெத்தை வாங்கி வந்திருக்கிறாயா என்று அவள் கத்தியது ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்து எளாவூர்க்காரர் ஒருவர் என் டார்மிட்டரியில் இருக்கிறார். அவர் லீவில் போனபோது பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு வீடியோவில் நைனா தோன்றியபோது, கறுப்பு ஹெட்போன் இரண்டு காதையும் மூடி, தலைக்கு மேல் வளைந்து, அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மெத்தைக்குள் காது முழுசாகப் போயிருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மா சத்தத்தைக் குறைத்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாடா என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினேன். நைனா என் முகத்தையே பார்த்தபடி சரியான இடங்களில் தலையாட்டினார். நான் சிரித்தால் சிரித்தார். அவர் அதிகம் பேசவில்லை, ஆனால் அவர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை. நாலு மாதம், ஒரு ஞாயிறு விடாமல், மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். முதல் பனியில் சறுக்கி விழுந்ததை, லைன் லீடர் என்னை எல்லார் முன்னாலும் திட்டியதை, இரவில் சில நாள் தமிழில் வாய்விட்டுப் பேசிக்கொண்டதை. இதெல்லாம் நான் யாரிடமும் சொல்லாதவை.

அப்படி ஒரு ஞாயிறுதான் அந்தப் பெரிய விஷயத்தையும் சொன்னேன். என்னுடையது ஐந்து வருஷ விசா. அது முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன், திருவள்ளூர் மணவாள நகரில் வாங்கிப் போட்ட இடத்தில் வீடு கட்டி, அங்கேயே ஏதாவது கம்பெனியில் சேர்ந்துகொள்வேன் என்பதுதான் நானும் நைனாவும் பேசி வைத்தது. இப்போது கம்பெனி என்னை இரண்டாம் வகை விசாவுக்குத் தயாராகச் சொன்னது. பரீட்சை எழுதித் தேறினால் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், கல்யாணம் செய்து குடும்பத்தையும் கூட்டி வரலாம். சுருக்கமாகச் சொன்னால் திரும்பி வரத் தேவையில்லை. இதை அம்மாவிடம் சொல்லி, அம்மா நைனாவிடம் கத்தி, தெரு கேட்கும்படி முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நைனா வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவது என்றே இருந்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, "நைனா, நான் இங்கியே இருந்துடட்டுமா?" என்று கேட்டேன். அவர் மூன்று முறை தலையாட்டினார். கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். அந்த வாரமே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். பரீட்சையிலும் தேறினேன்.

லீவில் போனது அதற்கு இரண்டு மாதம் கழித்து. சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறியதும் நாலு பேர் ஸ்பீக்கரில் பாட்டு, ஒருவர் மச்சானோடு சண்டை, எனக்கு அதுகூட இனித்தது. வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மெத்தை உரிந்திருக்கிறதா பார்க்கலாம் என்று பீரோவைத் திறந்தேன். ஹெட்போன் புதுக் கைக்குட்டையில் சுற்றி, அது வந்த பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. ஒரு தூசு இல்லை. பெட்டியின் அடியில், அட்டைத் தடுப்புக்குக் கீழே, அதன் கம்பி இருந்தது. கடையில் சுற்றிக் கட்டிய முறுக்குக் கம்பிகூட அவிழவில்லை. கழற்றி மாட்டுகிற கம்பி. வீடியோவில் கழுத்துக்குக் கீழே எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. அம்மாவோ, பையன்கள் போட்டுக்கொண்டு திரிகிற கம்பியில்லாத சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நைனாவின் வலது பக்கம் போய் உட்கார்ந்து, கம்பியைத் தூக்கிக் காட்டி, கையால் கேட்டேன். அவர் பெருமையாகச் சிரித்தார்.

"அது இன்னாத்துக்கு? மாஃபுக்கு ஒயரு எதுக்குடா? ஆடிட்டுக்கு ஆளுங்க வரசொல்ல ஸ்டோருலேர்ந்து குடுப்பாங்கோ, மாட்டிக்கினு நிப்போம். அவங்க போனதும் தொட்ச்சி திருப்பிக் குட்த்துடுவோம். நீ எனுக்குன்னு தனியா ஒண்ணு அனுப்சிகிற. நீ பாக்கசொல்ல மாட்டிக்கினு இருந்தா உனுக்கு சந்தோசம்னு மாட்டிக்கினேன்."

எனக்கு அது நன்றாகத் தெரியும், அதுதான் கொடுமை. நான் அப்ரண்டிஸாக இருந்த கம்பெனியிலும் அப்படித்தான். வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிற அன்று காலையில் ஸ்டோர் அலமாரி திறக்கும், மாஃப்கள் வெளியே வரும், எல்லார் தலையும் ஒரே மாதிரி ஆகும். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் துடைத்து அலமாரிக்குப் போய்விடும். இருபத்தாறு வருஷம் அப்படி நின்ற மனிதருக்கு, இரண்டு காதையும் மூடுகிற சாமான் எதற்கு என்று சந்தேகம் வருமா? மூடத்தான். நான் ஆறாயிரம் ரூபாய்க்குள் தேடித் தேடி வாங்கியது நல்ல மூடி. நைனாவுக்கு அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஸ்பீக்கர் சத்தத்தையும் அது அடைத்துவிட்டது. நாலு மாதம் நான் பேசப் பேச, அவர் எனக்காக ஆடிட்டில் நின்றிருக்கிறார்.

அந்தத் தலையாட்டலும் எனக்குத் தெரிந்ததுதான். பிரஸ் ஓடும்போது பக்கத்தில் வந்து யாராவது வாயசைத்தால் தலையை ஆட்ட வேண்டும். நீ வந்து பேசியதைப் பார்த்தேன் என்று அதற்கு அர்த்தம், சரி என்று அர்த்தம் இல்லை. கட்டைவிரல் தூக்கினால் என் மிஷின் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். கடன் கேட்பது, பெண் கேட்பது, லீவு மாற்றிக்கொள்வது, முக்கியமான எதையும் மிஷினடியில் யாரும் முடிவு செய்ய மாட்டார்கள். டீ கேன் வந்து, மிஷின்கள் நின்று, எல்லாரும் கப்போடு வெளியே வந்த பிறகு மறுபடி சொல்வார்கள். அப்போது ஆட்டுகிற தலைதான் தலை. மிஷினடியில் ஆட்டியதை யாரும் யார் மீதும் சாதிக்க மாட்டார்கள். இதை நான் எப்படி மறந்தேன்? அம்மாவின் குரல் செய்தியில் இதைத்தானே அவள் சொல்லியிருந்தாள், ஒன்றும் காதில் வாங்காமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தார் என்று. முப்பது தடவை கேட்டும் நான் அதில் ச-வையும் த-வையும்தான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அம்மாவின் போனில் கம்பியைச் சொருகி, மறுமுனையை ஹெட்போனில் மாட்டி, நைனா தலையில் வைத்துவிட்டு, சத்தத்தைப் பாதிக்குக் குறைத்தேன். என் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழைத்தேன். அம்மா பச்சையை அழுத்தினாள். நான் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரி, நைனா, சாப்பிட்டியா என்று கேட்டேன்.

நைனாவின் குரல் வந்தது. "உனுக்கு தொண்ட கட்டிக்கினு கீதா? கரகரன்னு கேக்குது."

விமானத்தின் ஏசியில் தொண்டை கட்டியிருந்தது உண்மை. அம்மாகூடக் கவனிக்கவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அதையும் கேட்டிருப்பார். அதன் பிறகு இரண்டாம் வகை விசாவை முதலிலிருந்து சொன்னேன். ஐந்து வருஷம் என்று பேசியது மாறிவிட்டது என்று, நீ தலையாட்டினாய் என்று நம்பினேன் என்று, கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று. நான் முடித்ததும் லைனில் அவர் மூச்சு கேட்டது. பிறகு ஹெட்போனைக் கழற்றுகிற சத்தம். அம்மாவிடம் டீ போடச் சொன்னார்.

நாங்கள் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நைனா தன் டீயைப் பாதி குடித்தார். ஹைவேயில் ஆந்திரா பக்கம் போகிற லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பேசத் தொடங்கியபோது ரொம்பத் தாழ்வாகப் பேசினார்.

"மிஷினாண்ட ஆட்டுன தலை செல்லாதுன்னு உனுக்குத் தெரியாதா? அன்னிக்கே காதுல வுழுந்திருந்தா வாணாம்னு சொல்லிருப்பேன். வந்துடு, இங்கியே கெடப்போம்னு சொல்லிருப்பேன்."

நான் இப்போதும் விட்டுவிடலாம், காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கையை ஆட்டிச் சொல்லப் பார்த்தேன். அவர் கப்பைக் கீழே வைத்தார்.

"இரு. கையெழுத்து போட்டுட்டு திரும்பி வந்தின்னா ஆயுசுக்கும் அத்தயே நெனச்சிக்கினு இருப்ப. போ. நானே சொல்றேன், போ. ஒண்ணு மட்டும், அங்க மாஃப கழட்டாத. ஆளு பாத்தாலும் பாக்காட்டியும் கழட்டாத."

நான் தலையாட்டினேன். டீ டைமில் ஆட்டிய தலை அது.

இந்த விஷயத்தை எழுதும்போது எனக்கு இரண்டு வருத்தம் சேர்ந்து வருகிறது. நைனா வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்பது ஒன்று. அவர் வேண்டாம் என்று சொல்லாமல் போனதில் எனக்குள் ஒரு மூலையில் நிம்மதி இருக்கிறது என்பது இன்னொன்று. வெளியூரில் இருக்கிற நம்மில் பலபேர் இப்படி யாரோ ஒருவருடைய தலையாட்டலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவருக்குக் கேட்டதா என்று நாம் ரொம்பத் துருவிக் கேட்பதில்லை.

இப்போது ஞாயிறு என்று இல்லை, வேலை நாட்களில் மத்தியான இடைவேளையில் அழைக்கிறேன். இங்கே மூன்று மணி, அங்கே பதினொன்றரை. அந்த நேரத்துக்கு நைனா தானே கம்பியைச் சொருகி, எல் என்று போட்டது இடது, ஆர் என்று போட்டது வலது என்று பார்த்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அம்மா சொல்கிறாள். தெருவுக்குத்தான் எங்கள் வீட்டுச் செய்தி வருவது நின்றுவிட்டது, மாவு மில்லில் வருத்தமாம். நான் பேசுகிற ஓய்வறை எங்கள் பிரஸ் ஷாப்பை ஒட்டியிருக்கிறது. யாராவது கதவைத் திறந்தால் பக்கத்து லைன் ஓடுகிற சத்தம் உள்ளே வரும். முதல் நாளே நைனா என் பேச்சை நிறுத்தி, பின்னால் ஓடுவது எத்தனை டன் பிரஸ் என்று கேட்டார். சொன்னேன். அடி சரியாக விழவில்லை, கீழே டை என்கிற அச்சில் போல்ட்டைப் பார்க்கச் சொல் என்றார். லைன் லீடரிடம் போய் என் அப்பா இந்தியாவிலிருந்து சொல்கிறார் என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மறுநாள் அவர்களே நிறுத்திப் பார்த்தார்கள், போல்ட் தளர்ந்திருந்தது.

நேற்றும் பேசிக்கொண்டிருந்தேன். மணவாள நகர் இடத்துக்கு வேலி போடுவதா, விற்பதா என்று பேச்சு. நான் விற்க வேண்டாம் என்றேன், ஏன் என்று அவர் கேட்டார். யோசித்துக்கொண்டு நின்றபோது நைனா சொன்னார்.

"டேய், உங்க கம்பெனி மணி அடிக்குது. போ. மாட்டிக்கினு போ."

நான் கவனிக்கவே இல்லை. இடைவேளை முடிகிற மணி அடித்துக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அது முதலில் கேட்டது. திரையில் அவர் இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடித்து மெதுவாகக் கழற்றினார், கைக்குட்டையால் துடைத்தார். நான் கழுத்தில் தொங்கிய மாஃபை இரண்டு கையாலும் தூக்கிக் காதில் வைத்தேன். சத்தம் நின்றது. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் தலையாட்டினேன்.